பாயின் நெசவும் கல்லீரலின் கட்டியும்

பண்பொழியில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை



சாரல் விடாமல் தூறிக்கொண்டிருக்கிற இந்த மாலை வேளையில், செங்கோட்டையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் அச்சன்புதூரிலிருந்தும் நனைந்த குடைகளோடு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். வழக்கமாக இந்தக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை வாசித்து, பிரசவ வார்டைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடுவோம். இந்தத் தடவை கணக்கு அச்சிட்ட தாளாக உங்கள் கையிலேயே இருக்கிறது. மிச்சமான நேரத்தை ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்ல எடுத்துக்கொள்கிறோம்.

கடிதத்தை எழுதியவர் பல ஆண்டுகளாக எங்களைத் தாங்கிவருகிற ஒரு பெரியவர். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார். "கல்லீரலில் இருக்கிற கட்டி எந்த வகை என்று எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறதாமே. ஊசி குத்திச் சதை எடுக்கவும் வேண்டாமாம். என் மனைவியின் நினைவாக ஒரு தொகை வைத்திருக்கிறேன். அதை நம் மருத்துவமனைக்கு வாங்கிப்போட அது போதுமா?" என்று கேட்டிருக்கிறார். அவருடைய மனைவி கல்லீரல் நோயில் காலமானவர். ஆகவே ஒரு வரியில் பதில் எழுதி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒரு தாயாரைப் பற்றிச் சொல்லுகிறோம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். வயிற்றுவலி என்று வெளியே ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்திருந்தார். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப்போன இடத்தில், கல்லீரலின் வலது பக்கத்தில் மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருக்கிறது, புற்றுநோயாக இருக்கலாம் என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "இருக்கலாம்" என்ற சொல்லுக்கு மருத்துவர் கொள்கிற பொருள் வேறு, வீட்டார் கொள்கிற பொருள் வேறு. அவர் எங்களிடம் வந்து சேருவதற்குள் ஒரு பசுமாடு விற்றாகிவிட்டது. மகளின் நகை அடகுக்குப் போய்விட்டது. மகன் எங்கள் முன்னால் ரிப்போர்ட்டை நீட்டி, "அம்மாவுக்கு விஷயம் தெரியாது சார், தெரியாமலே பாத்துக்கிடலாமா?" என்றார். அதே நேரத்தில் அந்த அம்மாள் வராந்தாவில் எங்கள் நர்சம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஈரல்ல புத்து தாயி, பிள்ளைகளுக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்லீரலில் கட்டி என்றால் அது ஒரே நோயல்ல. ஹெமாஞ்சியோமா என்று ஒன்று உண்டு. சின்னச் சின்ன இரத்தக்குழாய்கள் ஒன்றாகச் சுருண்ட ஒரு முடிச்சு அது. கல்லீரலில் வருகிற தீங்கற்ற கட்டிகளில் இதுதான் மிகச் சாதாரணமானது. பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம். அடினோமா என்பதும் தீங்கற்றதுதான், ஆனால் சில சமயம் உடைந்து இரத்தம் கசியும். பிறகு கல்லீரலின் சொந்தப் புற்றுநோய் இருக்கிறது. இது பெரும்பாலும் ஹெபடைடிஸ் கிருமியாலோ சாராயத்தாலோ கொழுப்பாலோ ஏற்கெனவே தழும்பேறிப்போன கல்லீரலில் வருகிறது. பித்தநாளத்திலிருந்து கிளம்புகிற புற்று வேறு. குடலிலோ இரைப்பையிலோ மார்பகத்திலோ தோன்றி, கல்லீரலுக்கு வந்து குடியேறுகிற கட்டி வேறு. ஒன்றுக்கு அறுவை, ஒன்றுக்கு மருந்து, ஒன்றுக்கு மாற்றுக் கல்லீரல், ஒன்றுக்கு "வீட்டுக்குப் போங்கள் அம்மா" என்ற ஒரு வார்த்தை. பெயர் தவறினால் வைத்தியமே தவறிவிடும்.

ஊசியால் குத்திக் கொஞ்சம் சதையை எடுத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். பல சமயங்களில் அதைத்தான் செய்கிறோம். ஆனால் ஹெமாஞ்சியோமாவைக் குத்தினால் இரத்தம் பெருகும் அபாயம் உண்டு. கல்லீரலின் சொந்தப் புற்றைக் குத்தினால், நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு ஊசி போன வழியிலேயே புற்றணு விதைபோல் விழுந்து முளைத்துவிடுகிறது. இரத்தம் உறையும் சக்தி குறைந்துபோன ஈரல் நோயாளிக்கு ஊசி என்பதே கவலைதான். அதனால்தான் குத்தாமல் படத்தைக் கொண்டே பெயரைக் கண்டுபிடிக்க உலகமெங்கும் இத்தனை முயற்சி நடக்கிறது.

எம்.ஆர்.ஐ. எதைப் பார்க்கிறது? நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. பூமியின் காந்த சக்தியைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு பலமுள்ள காந்தத்துக்குள் ஆளைப் படுக்கவைத்து, ரேடியோ அலையால் அந்த ஹைட்ரஜனைத் தட்டினால் அது திருப்பி ஒரு முனகல் கொடுக்கும். அந்த முனகலைப் படமாக்கலாம் என்று பால் லாட்டர்பர் 1973-ல் காட்டினார். அதற்காக 2003-ல் அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். எக்ஸ்ரே கதிர் இதில் கிடையாது.

வெறும் படத்தோடு நிறுத்துவதில்லை. கையில் காடோலினியம் என்ற மருந்தை ஏற்றி, அது கல்லீரலுக்குள் பாய்வதை அடுத்தடுத்துப் படம் எடுக்கிறோம். விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். கல்லீரல் என்ற வயலுக்கு இரண்டு வாய்க்கால். முக்கால் பங்கு இரத்தம் குடலிலிருந்து வருகிற போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, கால் பங்குதான் தமனி வழியாக. கல்லீரலின் சொந்தப் புற்றோ தமனி வாய்க்காலை மட்டும் தன் பக்கம் வெட்டிவிட்டுக்கொள்ளும். ஆகவே மருந்து ஏற்றியதும் முதலில் அது பளிச்சென்று ஒளிர்ந்து, மற்ற இடம் ஒளிரும்போது இது மங்கிப்போகிறது. ஹெமாஞ்சியோமா அப்படியல்ல. ஓரத்தில் திட்டுத்திட்டாகத் தொடங்கி, வரப்போரம் பாய்ந்த தண்ணீர் நடுவயலுக்கு மெல்ல ஏறுவதைப்போல உள்நோக்கி நிறையும். இந்த அடையாளங்களை வைத்து, ஏற்கெனவே ஈரல் தழும்பேறியவர்களுக்கு ஊசி குத்தாமலே புற்றுநோய் என்று முடிவுசெய்ய அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2011-ல் ஒரு விதித்தொகுப்பே வெளியிட்டது. இன்று நம் நாட்டிலும் அதைப் பின்பற்றுகிறார்கள்.

எல்லாக் கட்டியும் பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டு வருவதில்லை! ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டி, அரைகுறையாக நிறைகிற ஹெமாஞ்சியோமா, சொந்தப் புற்றைப்போலவே ஒளிர்ந்து காட்டுகிற பரவிய கட்டி — இங்கே அனுபவமுள்ள கண்ணும் தடுமாறும். அந்த இடத்தில்தான் நம் பெரியவர் கேட்ட கம்ப்யூட்டர் முறை வருகிறது. ஆங்கிலத்தில் டெக்ஸ்சர் அனாலிசிஸ் என்பார்கள். நாம் நெசவுக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம்.

பத்தமடைப் பாயை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதையும் ஒரு சாதாரணக் கோரைப்பாயையும் ஒரே நிறத்தில் சாயமேற்றி, ஐம்பதடி தள்ளி விரித்துப்போட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். கிட்டப் போய் விரலால் தடவினால் குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும். நிறம் ஒன்று, நெசவு வேறு. இன்னொன்று சொல்லுகிறோம். திருமலைமேல் ஏறிநின்று கீழே பார்த்தால் பண்பொழி வயல் முழுவதும் ஒரே பச்சை. ஆனால் வரிசை பிடித்து நட்ட வயலும் கைவிதைப்பு வயலும் தென்னந்தோப்பும் வேறுவேறு என்று உங்கள் கண் சொல்லுகிறது அல்லவா? பச்சை நிறம் அதைச் சொல்லவில்லை. பச்சைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் சொல்லுகிறது.

இந்த "பக்கத்தில் என்ன" என்பதைக் கணக்காக்கியவர்கள் மருத்துவர்கள் அல்லர். லாட்டர்பர் தன் படத்தை வெளியிட்ட அதே 1973-ல், அமெரிக்காவில் ஹாராலிக், சண்முகம், டின்ஸ்டைன் என்ற மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். நடுவிலுள்ள பெயர் நம் காதுக்குப் பழக்கமானதுதான். அவர்கள் பார்த்தவை மணற்கல்லின் நுண்ணோக்கிப் படங்கள், விமானத்திலிருந்து எடுத்த நிலப்படங்கள், செயற்கைக்கோள் படங்கள். படத்தில் ஒவ்வொரு புள்ளியாக எடுத்து, அதற்கு அடுத்த புள்ளி எந்த அளவு கறுப்பு என்று எண்ணிக்கொண்டே போனார்கள். வெள்ளைக்கு அடுத்து வெள்ளை இத்தனை தடவை, வெள்ளைக்கு அடுத்து கறுப்பு இத்தனை தடவை என்று ஒரு பட்டியல். வழவழப்பான இடத்தில் ஒத்த நிறங்களே அருகருகே வரும். கரடுமுரடான இடத்தில் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும். அந்தப் பட்டியலிலிருந்து 14 அளவுகளைப் பிழிந்தெடுத்தார்கள். மணற்கல் வகைகளை நூற்றுக்கு 89, விமானப் படங்களில் நிலவகைகளை நூற்றுக்கு 82 சரியாகப் பிரிக்க முடிந்தது. கல்லுக்கும் வயலுக்கும் வகுத்த கணக்கைத்தான் பிற்பாடு ஈரலுக்குக் கொண்டுவந்தார்கள்.

கல்லீரலில் இது ஏன் பொருந்துகிறது? புற்றுக்கட்டி ஒரே சீராக வளர்வதில்லை. உள்ளே ஓரிடம் இரத்தமில்லாமல் செத்துக் கிடக்கும், ஓரிடத்தில் கொழுப்பு படியும், ஓரிடத்தில் இரத்தம் கசிந்து உறைந்திருக்கும். ஹெமாஞ்சியோமாவின் உள்ளே பெரும்பாலும் ஒரே மாதிரியான இரத்தக்குழாய்கள். இந்த வேறுபாடு கண்ணுக்கு எட்டாத அளவிலும் படத்தின் எண்களில் ஒளிந்திருக்கும்.

இது அமெரிக்காவில் மட்டும் நடந்த வேலை என்று நினைக்கவேண்டாம். 2005, 2006 வாக்கில், சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் கே. மாலாவும், நம் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் வி. சதாசிவமும், மதுரையைச் சேர்ந்த கதிரியல் மருத்துவர் எஸ். அழகப்பனும் சேர்ந்து இதைச் செய்தார்கள். சொந்தப் புற்று, பித்தநாளப் புற்று, ஹெமாஞ்சியோமா, அடினோமா ஆகிய நான்கையும் பிரித்தறியக் கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது சி.டி. ஸ்கேன் படங்கள். கட்டியிருக்கிற இடத்தைக் கம்ப்யூட்டரே பிரித்தெடுத்து, நெசவை எண்ணாக்கி, மூளை நரம்புகளின் பின்னலைப் பார்த்து அமைத்த ஒரு கணக்குமுறையில் ஊட்டினார்கள். முடிவுகளைக் கதிரியல் மருத்துவர்களிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். பேருந்தில் அரைநாளில் போய்வரக்கூடிய ஊர்களில், செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சு டீக்கடைக்கு வராத காலத்தில் நடந்த வேலை இது. நம்மில் பலருக்குத் தெரியாமலே போய்விட்டது. எம்.ஆர்.ஐ. படத்தில் இதே போன்ற சோதனையை 2010-ல் வியன்னா மருத்துவர்கள் வெளியிட்டார்கள். நீர்க்கட்டியையும் ஹெமாஞ்சியோமாவையும் நெசவைக் கொண்டு பிரிக்க முடியும் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு இந்தத் துறையில் கட்டுரைகள் மழைக்காலத் தவளைபோலப் பெருகிவிட்டன.

அப்படியானால் ஏன் வாங்கவில்லை? பெரியவர் கேட்கிற கேள்வி இதுதான்.

சி.டி. படத்துக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சி.டி.யில் அளவுகோல் நிலையானது. தண்ணீர் என்றால் சுழியம், காற்று என்றால் கழித்தல் ஆயிரம், எந்த ஊர் இயந்திரமானாலும் அதுதான். சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் அப்படிப்பட்ட படிக்கல் கிடையாது. ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு இயந்திரங்களில் படுக்கவைத்தால், ஈரலின் வெளுப்பு இரண்டிலும் வேறு எண்ணாக வரும். காந்தத்தின் பலம், படத்துண்டின் கனம், மருந்து ஏற்றி எத்தனை வினாடி கழித்து எடுத்தார்கள் என்பதெல்லாம் நெசவையே மாற்றிவிடும். பாயைத் தடவுகிறவன் கையில் ஒருநாள் உறை, ஒருநாள் வெறுங்கை என்றால் என்னவாகும்?

மூச்சு இன்னொரு தொல்லை. கல்லீரல் மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் போகிற உறுப்பு. படம் எடுக்கும்போது பதினைந்து இருபது வினாடி மூச்சைப் பிடிக்கவேண்டும். அந்த இரும்புக் குழாய்க்குள், டமடமவென்று இடிக்கிற சத்தத்தில், முன்பின் கேட்டறியாத குரல் "மூச்சை அடக்குங்க" என்று சொன்னால், வயலில் வேலைசெய்து பழகிய அம்மாவுக்கு மூச்சு அடங்குமா, பதறுமா? மூச்சு விட்டால் படம் கலங்கும். கலங்கிய படத்திலும் கம்ப்யூட்டர் தயங்காமல் ஒரு விடையைச் சொல்லிவிடும். மருத்துவராவது "படம் சரியில்லை, திரும்ப எடுங்கள்" என்பார்.

மூன்றாவது சங்கடம் எண்ணிக்கையில் இருக்கிறது. இப்போது ஒரு கட்டியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெசவு அளவுகளை எடுக்கிறார்கள். நோயாளிகளோ அறுபது பேர், எண்பது பேர். ஆயிரம் அளவுகளைத் துழாவினால், ஏதோ ஒன்று தற்செயலாகவே இரண்டு கூட்டத்தையும் அழகாகப் பிரித்துக் காட்டிவிடும். அடுத்த ஊரில் அது செல்லாது. ஒரே பெயருள்ள அளவை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிட்ட கூத்தும் நடந்தது. 2020-ல்தான் 25 ஆய்வுக்குழுக்கள் கூடி 169 அளவுகளுக்குப் பொது இலக்கணம் வகுத்தார்கள். நாங்கள் சொன்ன அமெரிக்க விதித்தொகுப்பில் இன்றுவரை நெசவுக் கணக்கை நோய் முடிவுசெய்யும் அடையாளமாகச் சேர்க்கவில்லை.

சின்ன எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு நம் வேலியோரத்துக் கீழாநெல்லியே சாட்சி. 1988-ல் சென்னையில் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கோடு சேர்ந்து, லான்செட் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. நாமெல்லாம் எவ்வளவு பெருமைப்பட்டோம்! பிற்பாடு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. செய்தவர்கள் நேர்மையானவர்கள், செடியும் பொய் சொல்லவில்லை. ஓரிடத்தில் கிடைத்த விடை மற்ற இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

கீழாநெல்லியைச் சொன்னதும் எங்களுக்கு ஒரு அண்ணாச்சி நினைவுக்கு வருகிறார். நாற்பது தாண்டாதவர், லாரி ஓட்டுகிறவர். இரத்ததானம் கொடுக்கப்போன இடத்தில் ஹெபடைடிஸ் பி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாததால், காமாலைக்கு மருந்து கொடுக்கிற வீட்டில் பச்சிலை வாங்கிச் சாப்பிட்டு மறந்துவிட்டார். ஆறு ஆண்டு கழித்து வயிறு உப்பி வந்தபோது, கட்டி பெரிய தேங்காய் அளவில் இருந்தது. அவருடைய படத்தைப் பார்க்க எந்தக் கம்ப்யூட்டரும் தேவைப்படவில்லை. வாசலில் நின்ற டிரைவர் பையனுக்கே தெரிந்திருக்கும். நான்கு மாதத்தில் காலமானார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சாதாரண வயிற்று ஸ்கேன் எடுத்திருந்தால், கட்டி கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே பிடித்திருக்கலாம். அந்த அளவில்தான் எம்.ஆர்.ஐ.க்கும் நெசவுக் கணக்குக்கும் வேலை இருக்கிறது.

ஆகவே பெரியவருக்கு நாங்கள் எழுதிய பதில் இதுதான்: ஐயா, அந்த மென்பொருளை இப்போது வாங்கவேண்டாம். எங்களிடம் எம்.ஆர்.ஐ. இயந்திரமே இல்லை. படம் எடுக்க 60 கிலோமீட்டருக்கு மேல் தாண்டித் திருநெல்வேலிக்குத்தான் அனுப்புகிறோம். உங்கள் தொகையில், ஸ்கேனில் கட்டி தெரிந்தும் போகமுடியாமல் இருக்கிறவர்களை அங்கே கூட்டிப்போய்ப் படம் எடுத்துவருகிறோம். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களையும் ஈரல் சுருங்கியவர்களையும் பெயர்ப்பதிவேட்டில் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பி அழைத்துவந்து ஸ்கேன் பார்க்கிறோம். எடுக்கிற எம்.ஆர்.ஐ. படங்களை ஃபிலிமாக மட்டும் வாங்காமல், எண்கள் சிதையாதபடி தட்டில் பதிந்து, நோயாளியின் சம்மதத்தோடு பாதுகாத்து வைக்கிறோம். நெசவுக் கணக்கைப் பல ஊர்ப் படங்களில் சோதிக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்டு வரும்போது, வெளிநாட்டு ஈரலை மட்டும் பார்த்துப் பழகிய கணக்குக்கு நம் ஊர் ஈரலையும் காட்ட முடியும்.

அவர் சம்மதித்தார். ஒரு வருத்தத்தையும் எழுதியிருந்தார். கல்லில் மனைவியின் பெயரைப் பொறித்துச் சுவரில் வைக்க ஒரு இயந்திரமாவது இருந்திருக்கலாமே என்று. நியாயமான வருத்தம்தான். பதிவேட்டின் முதல் பக்கத்தில் அந்த அம்மையாரின் பெயரை எழுதியிருக்கிறோம்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த தாயாரை விட்டுவிட்டோமே! அவரைத் திருநெல்வேலிக்கு அனுப்பு முன் எங்கள் நர்சம்மா மூன்று நாள், காலையிலும் மாலையிலும், கட்டிலில் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்த்து மூச்சுப்பிடிக்கப் பழக்கினார். "ஆத்துல முங்குறாப்பில இருக்கு" என்று அந்த அம்மாள் சிரித்தார். படம் கலங்காமல் வந்தது. ஓரத்திலிருந்து உள்நோக்கி நிறைகிற ஹெமாஞ்சியோமா. கதிரியல் மருத்துவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். மகனிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "மாட்டை வித்துட்டோமே சார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் கட்டி அதே மூன்று சென்டிமீட்டர்தான்.

ஒரு விண்ணப்பத்தோடு உட்காருகிறோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது கல்லீரலில் கட்டி என்று ரிப்போர்ட் வந்திருந்தால், பழைய ஃபிலிமையும் தட்டையும் சீட்டையும் எதையும் தூக்கிப்போடாமல் அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய படம் இருந்தால், கட்டி வளர்ந்திருக்கிறதா என்பதை அதோடு ஒப்பிட்டே பார்த்துவிடலாம். திருநெல்வேலி வேன் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு நம் வாசலிலிருந்து புறப்படுகிறது. காலையில் காப்பிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு வரவேண்டும். மூச்சுப் பழக்கத்துக்கு முந்தின சனிக்கிழமையே வந்துவிட்டால் நல்லது.